ரோபோ கார் நகர்ந்ததும் நின்றுவிடுகிறதா?

திருகோணமலையில் என் மகள் வகுப்பில் ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் போர்டை வைத்து ரோபோ கார் செய்யப் பழகுகிறாள். எல்ஈடி ஒழுங்காக மினுங்கும். மோட்டர் சுழலத் தொடங்கியதும் போர்டு அணைந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும். இரண்டு நாள் புரோகிராமிலேயே பிழை தேடினாள், பாவம் பிள்ளை. பிழை இருந்தது பற்றரியில்.

சதுர 9 வோல்ட் பற்றரியால் மோட்டர் இழுக்கும் மின்னோட்டத்தைக் கொடுக்க முடியாது. வோல்ட் சரிந்து போர்டு ரீசெட் ஆகிவிடும். மோட்டருக்கென்று தனியாக 6 ஏஏ ரீசார்ஜ் பற்றரிகளை மோட்டர் டிரைவர் (போர்டின் சிக்னல்படி மோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் சின்னச் சர்க்யூட்) வழியாகக் கொடுங்கள். மொத்தம் 7.2 வோல்ட். எல்298என் என்ற வகை டிரைவரே ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்கிவிடும், மீதி ரோபோ காரில் போடும் மஞ்சள் கியர் மோட்டருக்குச் சரியாக இருக்கும். அப்புறம், போர்டு, டிரைவர் இரண்டு பக்கத்துக் கிரவுண்ட் (நெகட்டிவ்) வயர்களையும் கட்டாயம் ஒன்றாக இணையுங்கள். இதைத்தான் பிள்ளைகள் அதிகம் மறக்கிறார்கள். இணைக்காவிட்டால் போர்டு அனுப்பும் சிக்னல் டிரைவருக்குப் புரியாது. போர்டின் பின்னில் (வயர் செருகும் முனையில்) மோட்டரை நேரே கொடுக்கவே வேண்டாம், ஒரு பின் தாங்குவது அதிகபட்சம் 40 மில்லிஆம்பியர்.

உப்புவெளி போலக் கடலோரம் வீடுள்ளவர்கள் வயர்களை இறுக மூடும் பெட்டியில் வையுங்கள். உப்புக் காற்றில் முனைகள் கறுத்துவிடும். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பையையும் உள்ளே போடலாம்.