வீட்டுக்கு பிராட்பேண்ட்: பிளானைப் பார்க்கும் முன் தெருக் கம்பத்தைப் பாருங்கள்

"எந்த நெட் நல்லா இருக்கும்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: உங்கள் தெருவில் வயர் அறுந்தால் யார் வந்து ஒட்டுகிறார்? ஏர்டெல், ஜியோ, பி.எஸ்.என்.எல்., ஆக்ட், இல்லை நம்ம ஊர் கேபிள்காரர், யாராக இருந்தாலும் கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் அந்தக் கடைசி வயரைப் பார்த்துக்கொள்பவர் உள்ளூர் ஆள்தான். பி.எஸ்.என்.எல். ஃபைபரைக்கூட (ஒளியில் தகவலைக் கொண்டுவரும் கண்ணாடி இழை வயர்) பல ஊர்களில் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள்தான் வருமானப் பங்கு முறையில் இழுத்துப் பராமரிக்கிறார்கள். அதனால் ஒரே கம்பெனி ஒரு தெருவில் அருமையாக ஓடும், அடுத்த தெருவில் அழ வைக்கும்.

படி 1: அக்கம்பக்கத்தில் கேளுங்கள்

இணையத்தில் ரிவ்யூ படித்து நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் வரிசையிலேயே நெட் வைத்திருக்கும் நான்கு வீடுகளில் கேளுங்கள். "ஸ்பீடு எப்படி?" என்று கேட்டால் எல்லோரும் "பரவாயில்லை" என்பார்கள். "போன ஐப்பசி, கார்த்திகை மழையில் எத்தனை நாள் கட் ஆச்சு? போன் பண்ணினா எப்போ வந்தாங்க?" என்று கேளுங்கள். ராத்திரி எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறதா என்பதையும் கேளுங்கள். தெரு முழுக்க ஒரே நேரத்தில் பார்க்கும்போதுதான் ஒரு இணைப்பின் லட்சணம் தெரியும்.

படி 2: எவ்வளவு வேகம் வேண்டும்?

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 100 மெகாபிட் தாராளம். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பது 15 மெகாபிட்தான். பிளானில் சொல்வது மெகாபிட், கம்ப்யூட்டரில் ஃபைல் இறங்கும்போது பெரும்பாலும் தெரிவது மெகாபைட். எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள், 100 என்றால் விநாடிக்கு 12 மெகாபைட் வந்தாலே சரியாக வருகிறது என்று அர்த்தம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் அப்லோடு வேகத்தை, அதாவது நீங்கள் அனுப்புவது ஏறும் வேகத்தை, கட்டாயம் கேளுங்கள். ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் ஒன்றாக இருக்கும் பிளானையே நான் எடுப்பேன்.

"அன்லிமிடெட்" என்பதற்கும் வரம்பு உண்டு. பெரிய கம்பெனிகளின் பல பிளான்களில் அது மாதம் 3,300 ஜி.பி. 4கே படம் மணிக்கு 7 ஜி.பி. வரை இழுக்கும் என்று வைத்தாலும் தினமும் 15 மணி நேரம் ஓட்டலாம், எனவே கவலை இல்லை. சின்ன பிளான்களில்தான் கவனம் தேவை. வரம்பு தாண்டியதும் இரண்டு, நான்கு மெகாபிட்டுக்குச் சுருங்கிவிடுவதும் உண்டு.

விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யைச் சேர்த்துப் பாருங்கள். 499 என்று போட்டிருந்தால் கையிலிருந்து போவது 589.

படி 3: பொருத்த வரும் அன்று பக்கத்திலேயே நில்லுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் எடுத்தது 200 மெகாபிட் பிளான். ஆனால் வயர் மாட்டிச் சோதித்தால் 94-ஐத் தாண்டவே இல்லை. கஸ்டமர் கேரில் "லைன் நல்லா இருக்கு சார்" என்றார்கள். லைன் நன்றாகத்தான் இருந்தது. கோளாறு, நெட் பெட்டியிலிருந்து (மோடம், ரவுட்டர்) கம்ப்யூட்டருக்கு வந்த லேன் வயரில்.

அந்த வயரின் முனையில் உள்ள கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பின்னை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள் வரிசையாகத் தெரிய வேண்டும். சிலர் நான்கை மட்டும் மாட்டிவிட்டு, மீதியை வெட்டிவிடுவார்கள். நான்கு கம்பியில் 100-க்கு மேல் போகாது, கையில் கிடைப்பது 94, 95தான். எட்டும் இருந்தும் ஏறவில்லை என்றால், பெட்டியில் அந்த வயரைச் செருகும் லேன் போர்ட்டே 100-தான் தாங்கும் பழைய ரகமாக இருக்கலாம். விண்டோஸில் நெட்வொர்க் விவரத்தில் லிங்க் ஸ்பீடு 1000/1000 என்று இருந்தால் பிரச்சினை இல்லை. 100/100 என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். பொருத்த வந்தவர் கிளம்பும் முன் இதைப் பார்த்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. அவர் போன பிறகு என்றால் ஒரு வாரம் அலைச்சல்.

அதே நேரத்தில் இன்னொன்றையும் கேளுங்கள்: "பவர் எவ்வளவு வருது?" ஃபைபரில் வரும் ஒளியின் பலத்தை டி.பி.எம். என்ற அளவில் காட்டும் ஒரு சின்ன மீட்டரை அவர் கையில் வைத்திருப்பார். மைனஸ் 15-லிருந்து மைனஸ் 24 வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் இன்று ஓடும், நாளை ஒரு மழைக்குப் பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கு (ஒளி வரவில்லை என்பதன் அடையாளம்) சிவப்பாக எரியும். பெரும்பாலும் காரணம், ஜன்னல் ஓரத்தில் ஃபைபரைக் கூர்மையாக மடித்து ஆணி அடித்திருப்பதுதான். வளைவைத் தளர்த்தினாலே எண் மாறும்.

படி 4: வைஃபை

பெட்டி டூயல் பேண்டாக, அதாவது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசையிலும் வைஃபை தருவதாக இருக்க வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். 2.4 மட்டும் உள்ள இலவசப் பெட்டி கொடுத்தால், சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கிவிடுங்கள். டிவி அலமாரிக்குள் ஒளித்து வைக்காதீர்கள். வேகம் பார்க்க எனக்குப் பிடித்தது ஃபாஸ்ட் டாட் காம். ஸ்பீடுடெஸ்ட் செயலி பெரும்பாலும் உங்கள் கம்பெனிக்குள்ளேயே இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுத்துவிடும். அது காட்டும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. மின்வெட்டுக்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்று வாங்கி வையுங்கள். வாங்கும் முன் பெட்டியின் அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

சி.சி.டி.வி.யை வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை என்று பலர் எழுதினார்கள். பிரவுசரில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, வான் ஐ.பி. (கம்பெனி உங்கள் பெட்டிக்குக் கொடுத்த இணைய முகவரி) என்ற இடத்தைப் பாருங்கள். 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் உங்களுக்குத் தனி முகவரி இல்லை, பல வீடுகளோடு பங்கு போடுகிறீர்கள். வெளியிலிருந்து வருவதை நேராகக் கேமராவுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. ஸ்டேட்டிக் ஐ.பி. (உங்களுக்கென்றே மாறாத முகவரி) தனிக் கட்டணத்தில் கேட்கலாம், அல்லது கிளவுட் வழியாகப் பார்க்கும் கேமராவாக மாற்றுங்கள்.

புகார் கொடுத்தும் யாரும் வரவில்லையா? போனில் பேசியதோடு விடாமல் டாக்கெட் எண்ணை (புகாரின் பதிவு எண்) வாங்குங்கள். அது இருந்தால்தான் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அந்த மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டு. ஆனாலும் முதல் மாதத்தை மாதக் கட்டணத்திலேயே ஓட்டிப் பாருங்கள். பழைய இணைப்பைப் புதியது ஒரு மாதம் ஓடும் வரை துண்டிக்காதீர்கள். துண்டிக்கும்போது பெட்டியையும் அடாப்டரையும் திருப்பிக் கொடுத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். டெபாசிட் கேட்கும்போது அதைத்தான் காட்டச் சொல்வார்கள்.