மின் பல்துலக்கி: உள்ளே நடப்பதை அறிந்து கையாளும் முறை

மின் பல்துலக்கியை வாங்கியவர்களில் பலர் அதையும் சாதாரண பிரஷ்ஷைப் போலவே இறுகப் பிடித்து, பழக்க தோஷத்தில் முன்னும் பின்னும் தேய்க்கிறார்கள். நானும் முதல் ஒன்றரை ஆண்டு அப்படித்தான் தேய்த்தேன். கோரைப்பற்களின் மேல் ஈறு சற்று ஏறிவிட்டிருப்பதைப் பல் மருத்துவர் கண்ணாடியில் காட்டி, "தேய்க்கிற வேலையை அது பார்த்துக்கொள்ளும், நீங்கள் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்" என்றார். ஏன் போதும் என்பது, கைப்பிடிக்குள் என்ன இருக்கிறது என்று படித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. எனவே பயன்படுத்தும் முறையை இங்கே இயங்கமைப்போடு சேர்த்தே விளக்குகிறேன்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்த வகை என்று கண்டறியுங்கள். கருவியை அணைத்துவிட்டு பிரஷ் தலையைக் கழற்றினால், கைப்பிடியின் உச்சியில் ஓர் உலோகத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதை விரலால் மெல்லத் திருகிப் பாருங்கள். சிறிது திரும்பி, விட்டதும் தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிட்டால், பெரும்பாலும் அது காந்தத்தால் அதிரும் வகை. 'சோனிக்' என்ற பெயரில் விற்கப்படுபவை பொதுவாக இவையே. அப்படித் துள்ளாமல், உள்ளே ஏதோ பிடித்துக்கொண்டிருப்பது போல் அடம்பிடித்தால், அது பற்சக்கர வகையாக இருக்கலாம்.

பற்சக்கர வகையில் ஒரு சிறிய மோட்டார் ஒரே திசையில் வேகமாகச் சுழல்கிறது. மையத்திலிருந்து விலகிப் பொருத்தப்பட்ட ஒரு முளை அந்தச் சுழற்சியை இடவல ஆட்டமாக மாற்றுகிறது. தையல் இயந்திரத்தில் சக்கரத்தின் சுழற்சி ஊசியின் ஏற்ற இறக்கமாக மாறுவது எப்படியோ, அப்படித்தான் இதுவும். ஏறக்குறைய ஒற்றைப் பல்லின் அளவே உள்ள வட்டத் தலை முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை. சிறிது தூரம் போய்த் திரும்புகிறது. நல்ல மாடல்களில் இந்த ஆட்டம் நிமிடத்துக்கு 8,800 முறை நிகழ்வதோடு, தலை முன்னும் பின்னும் துடிக்கவும் செய்கிறது.

அதிர்வு வகையில் சுழலும் மோட்டாரே கிடையாது. தண்டின் அடியில் நிலைக்காந்தங்கள் பொருத்தப்பட்டிருக்கும். எதிரே உள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் திசை மாறி மாறிப் பாயும்போது, காந்தங்கள் ஒருமுறை இழுக்கப்பட்டும் மறுமுறை தள்ளப்பட்டும் தண்டை முறுக்கி ஆட்டுகின்றன. பரவலாக விற்கும் ஒரு வகையில் இது நொடிக்குச் சுமார் 260 தடவை நடக்கிறது. போவதையும் வருவதையும் தனித்தனி அசைவாக எண்ணினால் நிமிடத்துக்கு 31,000க்குச் சற்று மேல் வரும். ஆர்மோனியத்தின் நடு ஸ்தாயியில் ஒரு கட்டை 'ஸ' ஒலிப்பதும் ஏறத்தாழ இதே அதிர்வெண்ணில்தான் என்பதால், காது தேர்ந்தவர்கள் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றே இதை அடையாளம் கண்டுவிடலாம். காதுக்குக் கேட்கும் அதிர்வெண் என்பதால்தான் 'சோனிக்' என்ற பெயர். 'அல்ட்ராசோனிக்' என்பது நொடிக்கு 16 இலட்சம் போன்ற, செவிக்கு எட்டாத அதிர்வைக் குறிப்பது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் காசு கொடுத்துவிட வேண்டாம்.

இத்தனை சிறிய மின்கலம் இத்தனை வேகத்தில் எப்படி ஆட்டுகிறது என்பதற்கு ஊஞ்சல்தான் விடை. ஊஞ்சலை அதன் இயல்பான தாளத்தில் தட்டிக்கொடுத்தால் ஒரு விரல் போதும். தாளம் தப்பினால் இரண்டு கையும் போதாது. தண்டும் அதைத் தாங்கும் சுருள்வில்லும் பிரஷ் தலையின் எடையும் சேர்ந்து ஓர் இயல்பான தாளத்தைக் கொண்டிருக்கின்றன. மின்சுற்று அந்தத் தாளத்தை ஒட்டியே தட்டுகிறது. எடை மாறுபட்ட வேறு தலையைப் பொருத்தும்போது ஓசை மாறி அதிர்வு மங்குவதற்கும், பல்லின் மேல் அழுத்தினால் இழைகளின் வீச்சு குறைந்துபோவதற்கும் இதுவே காரணம். ஆடும் ஊஞ்சலின் கயிற்றைப் பிடித்து நிறுத்திவிட்டு, இன்னும் நன்றாக ஆடட்டும் என்று காத்திருப்பது போன்றதுதான் அழுத்தித் துலக்குவது.

இனி துலக்கும் முறைக்கு வருவோம். பட்டாணி அளவு பற்பசையை ஈரமான இழைகளில் வைத்து, பிரஷ்ஷை வாய்க்குள் கொண்டுசென்ற பிறகே பொத்தானை அழுத்துங்கள். முன்பே அழுத்தினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாடியையும் சட்டையையும் துடைக்கும்போது அறிந்துகொள்வீர்கள். பிடிக்கும் விதத்தைத் தீர்மானிப்பது தலையின் வடிவம். வட்டத் தலையாக இருந்தால், அதை ஒரு பல்லின் மேல் கிண்ணம் கவிழ்த்தது போல வைத்து, ஈறு விளிம்பு வரை அதன் வளைவைப் பின்பற்றிச் சென்று, ஓரிரு நொடிக்குப் பிறகு அடுத்த பல்லுக்கு நகருங்கள். நீள்தலையாக இருந்தால், இழைகள் ஈறும் பல்லும் சேரும் கோட்டை நோக்கிச் சுமார் 45 பாகை சாய்ந்திருக்கும்படி பிடித்து, நத்தை வேகத்தில் கடைவாயிலிருந்து முன்பற்களை நோக்கி இழுத்து வாருங்கள். முன்பற்களின் உட்புறத்துக்கு மட்டும் பிரஷ்ஷைச் செங்குத்தாக நிறுத்துவது எளிது. எந்த வகையானாலும் உங்கள் கை தேய்க்கக் கூடாது. இடம் மாற்றுவது மட்டுமே அதன் வேலை.

பெரும்பாலான கருவிகளில் 2 நிமிடத்துக்கான நேரங்காட்டி உள்ளது. 30 நொடிக்கு ஒருமுறை இயக்கம் சிறிது தடைப்பட்டு, வாயின் அடுத்த கால்பகுதிக்குச் செல்லும்படி நினைவூட்டும். 28 பற்களுக்கு 120 நொடி என்றால் ஒரு பல்லுக்கு 4 நொடிக்குச் சற்று மேல். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு என்று பிரித்தால் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நொடிகூட இல்லை. ஆகவே தினமும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே வரிசையில் செல்லும் ஒழுங்கு தேவை. நினைத்த இடத்தில் பிரஷ்ஷை உலாவ விடுபவர்களுக்குக் கீழ்க்கடைவாயின் உட்புறம்தான் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

அழுத்தத்தை அளக்க ஒரு வீட்டுச் சோதனை உண்டு. டிஜிட்டல் தராசின் மேல் அணைத்த நிலையில் உள்ள பிரஷ்ஷின் இழைகளை ஊன்றி, வழக்கமாகப் பல்லில் எவ்வளவு அழுத்துவீர்களோ அவ்வளவு அழுத்துங்கள். 150 கிராம் அளவில் நின்றால் நல்லது. நான் முதல் தடவை செய்தபோது 380 காட்டியது. தராசு கெட்டுவிட்டது என்று நினைத்து ஓர் எலுமிச்சையை வைத்துச் சரிபார்த்தேன். 150 கிராமில் இழைகள் மிக லேசாகத்தான் வளையும். விரலிடுக்கில் பேனாவைப் போலப் பிடித்தால் அந்த அளவு தானாக வரும்; முஷ்டியில் பிடித்தால் வராது. சில கருவிகளில் அழுத்தம் மிகும்போது சிவப்பு விளக்கு எரியும் அல்லது இயக்கம் தணியும். மோட்டார் திணறும்போது அது இழுக்கும் மின்னோட்டம் கூடுவதையோ, தண்டு சாய்வதையோ மின்சுற்று உணர்ந்துகொள்வதால் இது நிகழ்கிறது. அத்தகைய உணர்வி இல்லாதவர்கள் இழைகளைப் பார்க்கலாம். 3 மாதத்துக்கு முன்பே அவை பூவாக விரிந்துவிட்டால் கை கனக்கிறது என்று பொருள்.

பலன் எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 56 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தது. சாதாரண பிரஷ்ஷோடு ஒப்பிடுகையில், மின் பல்துலக்கியை 3 மாதங்களுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் பற்படலம் 21 விழுக்காடும் ஈறு அழற்சி 11 விழுக்காடும் குறைவாக இருந்தன. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் மாயம் அல்ல. சாதாரண பிரஷ்ஷால் பொறுமையாகத் துலக்குபவர் இதை வாங்கியே தீர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மூட்டுவலியாலோ நடுக்கத்தாலோ கை ஒத்துழைக்காதவருக்கு அவசியம் சொல்வேன். எதை வாங்கினாலும் இரு பற்களின் இடுக்கை எந்த பிரஷ்ஷும் முழுமையாக எட்டுவதில்லை என்பதால், பல்லிடுக்கு நூலுக்கு ஓய்வு கிடையாது.

1954இல் சுவிட்சர்லாந்தில் உருவான 'பிராக்சோடென்ட்' என்னும் தொடக்ககால மின் பல்துலக்கி, சுவரிலுள்ள மின்சாரத்தில் நேரடியாகச் செருகப்பட்டது. ஈரக் கையில், தண்ணீர்த் தொட்டியருகே, மின்கம்பியோடு நிற்பது யாருக்கும் உவப்பானதல்ல. 1961இல் மின்கலத்தால் இயங்கும் கம்பியற்ற வகை வந்தது. இன்றைய கருவிகள் பலவற்றின் அடியில் உலோக முனை எதுவும் தெரியாது. மின்னேற்றும் தாங்கியிலுள்ள சிறு முளை செருகிக்கொள்ளும் ஒரு குழி மட்டுமே இருக்கும். முளைக்குள் ஒரு கம்பிச்சுருளும் குழியைச் சுற்றி இன்னொன்றுமாக, ஒரு மின்மாற்றியை இரண்டாகப் பிளந்து வைத்தது போன்ற அமைப்பு அது. காந்தப்புலம் பிளாஸ்டிக்கை ஊடுருவிச் செல்வதால் கருவியை முழுவதுமாக மூடிவைக்க முடிகிறது. இவ்வழியில் மின்சாரம் மெல்லத்தான் ஏறும். பல மாடல்களில் முழுதும் நிரம்ப 12 மணி நேரத்துக்கும் மேல் பிடிப்பதையும், அடிப்பகுதி இளஞ்சூடாவதையும் கோளாறு என்று எண்ண வேண்டாம். லித்தியம் மின்கலம் உள்ள கருவியை முற்றிலும் வடியவிட்டுப் பிறகுதான் ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் மின்கலங்களின் காலத்து அறிவுரை, அதை மறந்துவிடலாம். இதயமுடுக்கி பொருத்தியவர்கள், காந்தங்களும் சுருள்களும் இதில் இருப்பதால், வாங்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

துலக்கி முடித்ததும் தலையைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் ஒரு மாதம் விட்டுவிட்டுக் கழற்றினால், தண்டின் அடியில் பற்பசையும் எச்சிலும் கலந்து கருமையும் பழுப்புமாக ஒரு கொழகொழப்பான வளையம் படிந்திருக்கும். முகர்ந்து பார்க்கும் துணிவு ஒருவருக்கு ஒருமுறைதான் வரும். அந்த வளையம் உட்காரும் இடத்தில்தான் தண்டைச் சுற்றிய ரப்பர் அடைப்பும் உள்ளது. உறையில் அசையும் பொருள் வெளியே வரும் ஒரே வாசல் அதுவே. பற்பசையிலுள்ள உராய்பொருள் காய்ந்து அங்கே தங்கினால் ரப்பர் தேய்ந்து, நீர் உள்ளே இறங்க வழி பிறக்கும். 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்னும் ஐபிஎக்ஸ்7 குறியீடு, சோதனையில் புதிய கருவி காட்டிய தகுதியையே குறிக்கும். வெந்நீரைத் தவிர்த்து, வெதுவெதுப்பான நீரில் தண்டைக் கழுவித் துடைத்து, கைப்பிடியையும் தலையையும் தனித்தனியே நிமிர்த்தி உலரவிடுங்கள். பிரஷ் தலையை 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

முழுதாக ஏற்றிய பின்னும் இரண்டொரு நாளில் இயக்கம் தளர்ந்தால், முதலில் புதிய தலையைப் பொருத்திப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் மின்கலம் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். உறை ஒட்டி மூடப்பட்டிருப்பதால் பெரும்பாலானவற்றில் அதை மாற்ற இயலாது. பிளந்து மாற்றினாலும் நீர்க்காப்பு போய்விடும். லித்தியம் மின்கலம் நசுங்கினால் தீப்பிடிக்கும் என்பதால், பழைய கருவியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.