கொல்லிமலை வீட்டில் தண்ணீர் நின்றபோது

70 கொண்டை ஊசி வளைவு ஏறி, பையன் இரண்டு தடவை வாந்தி எடுத்து, செம்மேடு தாண்டி அந்த வாடகை ஓட்டு வீட்டுக்குப் போனால் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மோட்டார் கிடையாது. மேலே காட்டு ஊற்றிலிருந்து கறுப்பு ஹோஸ் வழியாகத் தானாக இறங்கி வர வேண்டும். ஏறிப் போய்ப் பார்த்தேன். ஊற்றில் நிறையவே இருந்தது, சல்லடையிலும் அடைப்பில்லை. அரை மணி நேரம் ஹோஸை உதறியதுதான் மிச்சம்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வந்தார். "காத்து அடைச்சிருக்குதுங்க தம்பி."

சரிதான். வழியில் ஒரு சில்வர் ஓக் வேர்மேல் ஹோஸ் ஏறி இறங்கியது. அந்த மேட்டில் காற்று தங்கிவிட்டால், ஊற்று அதைவிடக் கொஞ்சம்தான் உயரம் என்கிறபோது, தண்ணீரால் தள்ள முடியாது. மேட்டில் இருந்த இணைப்பைக் கழற்றினேன். புஸ்ஸென்று காற்று, கொஞ்சம் சேறு, அப்புறம் நல்ல தண்ணீர். அது வழிந்துகொண்டிருக்கும்போதே கிளாம்ப்பை முறுக்க வேண்டும். முதல் தடவை நான் முந்திக்கொண்டதில் மறுபடி அடைத்துக்கொண்டது. பிறகு ஹோஸை வேருக்குக் கீழ்ப்பக்கமாகச் சுற்றி, மேடே இல்லாமல் போட்டோம்.

மூன்று நாளும் தண்ணீர் நிற்கவில்லை. ஐஸ் மாதிரி இருந்ததால் யாரும் குளிக்கவில்லை என்பது வேறு விஷயம்.