நாக் ஹமாதி சுவடிகள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலரும் முதலில் தடுக்கி விழுவது ஆண்டுக் கணக்கில்தான். 1945இல் மேல் எகிப்தில் (நாட்டின் தென்பகுதி) நாக் ஹமாதி அருகே கிடைத்தவை பாப்பிரஸ் தாளில் பழைய எகிப்திய மொழியான காப்டிக்கில் எழுதிய 12 சுவடிகளும் 13ஆவதன் சில தாள்களும்; உள்ளே இருப்பவை பெரும்பாலும் பழங்காலக் கிறிஸ்தவ நூல்கள். ஏழாம் சுவடியின் தோல் அட்டை விறைப்பாக நிற்க உள்ளே பழைய தாள்களை ஒட்டியிருந்தார்கள். அவற்றில் 341, 346, 348 என ஆண்டுகள் தெரிகின்றன. ஆக, அந்தச் சுவடி கட்டப்பட்டது 348க்கு முன்பு இல்லை. அதை வைத்து உள்ளே இருக்கும் நூல்களும் 4ஆம் நூற்றாண்டு என்று சொல்லிவிடக் கூடாது. இந்தத் தொகுப்பில் உள்ள தோமா நற்செய்தியின் கிரேக்கத் துண்டுகள் எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊரில் முன்பே கிடைத்துவிட்டன. அவற்றில் மிகப் பழையது ஏறக்குறைய 200ஆம் ஆண்டைச் சேர்ந்தது. படியெடுத்த காலம் வேறு, இயற்றிய காலம் வேறு. இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கிடைத்ததெல்லாம் ஞானவாதம், அதாவது மறைவான ஞானத்தால்தான் மீட்பு என்னும் போக்கு, என்று எண்ணுவது. ஆறாம் சுவடியில் பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் ஒரு பகுதியே இருக்கிறது, மோசமான மொழிபெயர்ப்பில். ‘ஞானவாதிகள்’ என்று ஒரே சபையும் இருந்ததில்லை. ஞானவாதி என்று சொல்லப்படும் வாலண்டினஸ் 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோம் நகரத்துக் கிறிஸ்தவர்களிடையே போதித்தவர். அவரைப் பின்பற்றியவர்கள் தங்களைக் கிறிஸ்தவர்களாகவே கருதினார்கள். நம் சொற்களையே பேசுகிறார்கள், பொருள்தான் வேறு என்பதே அவர்களை எதிர்த்து 180 வாக்கில் எழுதிய ஆயர் இரனேயுவின் கவலை. வெளியிலிருந்து வந்த எதிரியாக அவர்களைப் பார்த்தால் இந்தக் கவலை புரியவே புரியாது.

ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் இந்த நூல்களைத் தடைசெய்தது என்பதும் பிழை. 325இல் அங்கே விவாதித்தது, இயேசு தந்தையாகிய கடவுளுக்கு இணையானவர் அல்ல என்ற ஆரியுஸின் கொள்கையை. விவிலிய நூற்பட்டியலை அல்ல. இன்றுள்ள 27 புதிய ஏற்பாட்டு நூல்களை அப்படியே பட்டியலிட்டது அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியாரின் 367ஆம் ஆண்டுக் கடிதம்.

தோமா இந்தியா வந்தார் என்னும் மயிலாப்பூர் மரபை அறிந்த நம் வாசகர்கள் தோமா நற்செய்தியில் இந்தியாவைத் தேடுவதுண்டு. அது 114 போதனை மொழிகளின் தொகுப்பு; அதில் பயணமே கிடையாது. இந்தியப் பயணம் வருவது ‘தோமாவின் பணிகள்’ என்ற வேறொரு நூலில். அது நாக் ஹமாதியில் கிடைத்ததும் அல்ல.

மேற்கோள் காட்டும்போது நூலின் பெயர் மட்டும் போதாது. யோவானின் மறைநூல் நான்கு படிகளில் இருக்கிறது: இரண்டு நீளமானவை, இரண்டு சுருக்கமானவை. எந்தச் சுவடி, அதில் எத்தனையாவது நூல், எந்தப் பக்கம், எந்த வரி என்று எழுதுங்கள்.

கடைசியாக, சதுர அடைப்புக்குறி. தாள் சிதைந்த இடத்தில் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியதையே அது காட்டுகிறது. பிலிப்பு நற்செய்தியின் 63ஆம் பக்கத்தில் இயேசு மகதலா மரியாவை முத்தமிட்டதாகச் சொல்லும் வரி பிரபலம். ஆனால் எங்கே என்று சொல்லும் சொல் இருந்த இடம் சிதைந்து போயிருக்கிறது. ‘உதட்டில்’ என்பது ஊகம். அடைப்புக்குறியை விட்டுவிட்டு அந்த வரியைப் பகிர்ந்தால், சுவடியில் இல்லாததைச் சுவடியின் பெயரில் பரப்புகிறோம்.