டயட்டீஷியனிடம் பணம் கட்டும் முன்

மதுரையில் அண்ணா நகரோ கே.கே. நகரோ, ‘நியூட்ரிஷனிஸ்ட்’ என்ற போர்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ‘ஆர்.டி.’ (ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்) பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். ஊட்டச்சத்துப் படிப்பு, மருத்துவமனைப் பயிற்சி, இந்திய உணவியல் சங்கத்தின் தேர்வு எல்லாம் முடித்தவருக்கே அது கிடைக்கும். சில வார ஆன்லைன் சான்றிதழ் இதற்கு ஈடாகாது. 2021-ல் வந்த துணை சுகாதாரப் பணியாளர் ஆணையச் சட்டம் டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இரண்டையுமே பதிவு செய்ய வேண்டிய தொழில்களில் சேர்த்திருக்கிறது.

சர்க்கரையோடு சிறுநீரகக் கோளாறும் இருந்தால் இன்னும் கவனம் தேவை. கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), பொட்டாசியம் ரிப்போர்ட்டைப் பார்க்காமலே புரோட்டீன் பவுடரும் தினம் ஒரு இளநீரும் எழுதித் தந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது, இதயத்துடிப்பே தடுமாறும். மாத்திரையையோ இன்சுலினையோ குறைக்கச் சொன்னால், டாக்டரைக் கேட்காமல் குறைக்கவே கூடாது.