பழைய நிலையில ஒரு வாங்கு

பெரியப்பாவின்ர வீடு இருந்த வளவில மிஞ்சினது முன்கதவு நிலை ஒண்டுதான். சுவர் போச்சு, கூரை போச்சு, கதவை ஆரோ கழட்டிக்கொண்டு போயிட்டினம். நிலை மட்டும் பத்தைக்குள்ள தனிய நிண்டது. பாலை மரம். சண்டை முடிஞ்சு 2010ல நாங்கள் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்குத் திரும்பி வந்தநேரம் அதை விறகுக்குக் கேட்டவையும் இருக்கினம். நான் குடுக்கேல்லை. அப்ப எனக்கு உளி பிடிக்கவும் தெரியாது, பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிறதோட சரி. இப்ப அந்த நிலை எங்கட விறாந்தையில வாங்கா, ஆக்கள் இருக்கிற பெஞ்சாக் கிடக்கு. செய்த விதத்தைச் சொல்லுறன், நான் விட்ட பிழையளோட.

இடத்துக்கு நிறையச் செலவழிக்க வேண்டாம். வீட்டுத்திட்டத்தில கல்வீடு எழும்பின பிறகு முந்தி இருந்த தகரக் கொட்டிலைப் பிரிக்காமல் வச்சிருக்கிற ஆக்கள் எங்கட பக்கம் கனபேர். விறகும் உரப்பையும் அடைஞ்சு கிடக்கும். அதை ஒதுக்கினால் பட்டறை தயார். ரெண்டு பக்கத் தகரத்தை இடுப்பளவுக்கு மேல கழட்டி விடுங்கோ, தூள் வெளியில போகும். பத்து மணிக்குப் பிறகு உள்ளுக்க நிக்க ஏலாது. நான் விடிய அஞ்சரைக்குத் தொடங்கி ஏழு மணிக்குக் கையைக் கழுவிப்போட்டுப் பள்ளிக்கூடம் போறனான்.

ஆயுதமும் கொஞ்சம் போதும். கைவாள் ஒண்டு, அரை அங்குலத்திலயும் ஒரு அங்குலத்திலயும் ரெண்டு உளி, கொட்டாப்புளி, சீவுளி, மூலைமட்டம், குறடு, அலவாங்கு, ஒரு ட்றில். உளி தீட்டுற கல்லுக்கு மட்டும் காசைப் பாக்காதேங்கோ. பாலையில மொட்டை உளியைப் பிடிச்சால் மரம் வெட்டுப்படாது, கைதான் வெட்டுப்படும்.

மரம் என்னெண்டு முதல்ல தெரிய வேணும். ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணிக்குள்ள போட்டுப் பாருங்கோ. பாலை கல்லு மாதிரித் தாழும். முதிரை மஞ்சளா, சீவினால் பட்டு மாதிரி மினுங்கும். ஆனால் அதின்ர தூள் சிலருக்குத் தோலில கடிக்கும். எனக்கு ரெண்டு முழங்கையும் தடிச்சுப்போய் ஒரு கிழமை சொறிஞ்சுகொண்டு திரிஞ்சன். நீளக்கைச் சட்டையும் முகமூடியும் போடுங்கோ. பழைய கூரையில கழட்டின பனஞ்சிலாகை எண்டால் வைரம், கடும் மரம், வெளிப்பக்கம்; உள்ளுக்க மெத்தின சோத்தி. மற்ற மரத்துக்கு நேர் எதிர். அதால சோத்திப் பக்கத்தைச் செதுக்கி எறிஞ்சுபோட்டு வெளிக் கறுப்பை மட்டும் எடுக்க வேணும். அந்தக் கறுப்பு நார் ஊசி மாதிரி ஏறும், வெறுங்கையால தடவாதேங்கோ.

சாமான் இறக்கி வாற பலட்டுப் பலகையும் நல்லது. அதில அடிச்சிருக்கிற முத்திரையில எச்.ரி (HT) எண்டு இருந்தால் சூட்டில பதப்படுத்தினது, எடுக்கலாம். எம்.பி (MB) எண்டால் மெதைல் புரோமைட்டு எண்ட நச்சுப் புகை அடிச்சது, விடுங்கோ. பழைய பங்கருக்கு அடுக்கின றெயில் பாதைச் சிலிப்பர் கட்டை கறுத்து, தார் மணத்தோட இருந்தால் அதுவும் வேண்டாம். மரம் உக்காமல் பூசுற கிரியோசோட்டுத் தார் எண்ணெய் ஊறின கட்டை அது. வீட்டுக்குள்ளயும் வைக்கக் கூடாது, அடுப்பிலயும் எரிக்கக் கூடாது.

இன்னொண்டு. சொந்த வளவில கிடக்கிற மரம் எண்டாலும் லாண்ட்மாஸ்டரில ஏத்தி றோட்டுக்கு எடுக்க முதல் கிராம சேவகரையும் வன இலாகாவையும் கேளுங்கோ. முதிரை, பாலை ஏத்திறதுக்கு பேர்மிற் வேணும். மாங்குளம் றோட்டில மறிச்சால் அது உங்கட பெரியப்பாவின்ர நிலையெண்டு ஆர் நம்பப்போறான்?

இனித்தான் எங்கட ஊர் மரத்துக்கே உரிய வேலை. இரும்பு தேடுறது.

நான் முதல்ல நிலையின்ர ஒரு காலைப் பிளப்பிக்கலாமெண்டு மரக்காலைக்குக் கொண்டு போனன். வாள் பிடிக்கிற ஐயா இறக்கவே விடேல்லை.

"ரீச்சர், ஊர் மரம் நாங்கள் வாளில ஏத்துறேல்லை. உள்ளுக்க செல் பீஸ் இருக்கும்."

"பாத்திட்டன் ஐயா, ஒண்டும் இல்லை."

"கண்ணால பாத்தா தெரியும்?"

அவர் சொன்னது சரி. வீட்டுக்குக் கொண்டுவந்து, இரவல் வாங்கின மின்சாரச் சீவுளியை நானே ஓட்டினன். ரெண்டாம் இழுப்பில டக் எண்டொரு சத்தம், ஒரு பொறி. ரெண்டு பிளேட்டிலயும் பல்லு விழுந்திட்டுது. புதுப் பிளேட் வாங்கிக் குடுத்து, மன்னிப்பும் கேட்டன்.

அதுக்குப் பிறகு நான் செய்யிற முறை இதுதான். மரத்தை முதல்ல கம்பித் தூரிகையால உரஞ்சி, மண்ணும் பாசியும் போகக் கழுவிக் காயவிடுறன். பழைய பெயின்ற் இருந்தால் உரஞ்ச முதல் நல்லா ஈரமாக்குங்கோ. எனாமல் பெயின்ற்றில ஈயத்துக்குச் சட்டக் கட்டுப்பாடு வந்தது 2013லதான், அதுக்கு முந்தினது எல்லாத்திலயும் ஈயம் இருக்கெண்டே நினைச்சு நடவுங்கோ. சின்னப்பிள்ளையளை அந்தப் பக்கம் விடாதேங்கோ.

பிறகு வெய்யில் சரிவா விழுற நேரம் மரத்தை நிமித்தி வச்சு, நீலக் கறுப்பு அடையாளம் எங்கயெண்டு தேடுங்கோ. இரும்பும் மரத்தில இருக்கிற தனின் எண்ட துவர்ப்புப் பொருளும் ஈரத்தில சேர்ந்தால் மை மாதிரிக் கறுக்கும். பிள்ளையளுக்கு நான் காட்டுறது, வெறுந்தேத்தண்ணிக்குள்ள துருப்பிடிச்ச ஆணியைப் போட்டு அடுத்த நாள் பாக்கச் சொல்லுறது. அதே கறுப்புத்தான். அடையாளம் பெரிசா, கண்ணீர் வடிஞ்ச மாதிரி நார் வழியே நீண்டு கிடந்தால் அதின்ர நடுவில இரும்பு இருக்கும்.

அடுத்தது காந்தம். பழுதான ஸ்பீக்கரில இருந்து கழட்டின காந்தத்தை நூலில கட்டித் தொங்கவிட்டு, மரத்தை ஒட்டின மாதிரி மெல்ல இழுங்கோ. நூல் சரியிற இடமெல்லாம் சோக்குக் கட்டியால வட்டம் போடுங்கோ. நாலு பக்கமும் பாக்க வேணும். முதல் தரம் நான் விட்ட பிழை மூண்டு பக்கம் மட்டும் பாத்ததுதான். ஆழத்தில இருக்கிறதை இந்தக் காந்தம் காட்டாது. ஈயமும் செம்பும் உள்ள சன்னத்தையும் பிடிக்காது. அதால சின்ன ஓட்டை கண்ட இடமெல்லாம் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கோ, மரத்தில முட்டினால் மந்தமா நிக்கும், உலோகத்தில முட்டினால் கிறீச்சிடும்.

என்ர நிலையில ஏழு வட்டம் விழுந்தது. நாலு பழைய ஆணி. மூண்டு செல் துண்டு. கடைசித் துண்டு புளியங்கொட்டை அளவு, முக்கால் அங்குலம் உள்ளுக்க. கிண்டி எடுக்கப் பாக்காதேங்கோ, மரம் கிழியும். ரெண்டு பக்கமும் நார் வழியே அரை அங்குல உளியால ஒரு வாய்க்கால் இறக்கினன். குறடு பிடிக்கிற அளவுக்கு வந்தவுடன ஆட்டாமல் நேரா இழுத்தன். விளிம்பு இன்னும் பிளேட் மாதிரிக் கூர், தோல் கையுறை இல்லாமல் தொடாதேங்கோ. சுத்திவர மரம் மை ஊத்தின மாதிரி ரெண்டு அங்குலத்துக்குக் கறுத்திருந்தது. இரும்புக்காரன் வரேக்க ஆணியோட சேர்த்து அந்தச் செல் துண்டையும் நிறுத்துக் குடுத்திட்டன்.

துண்டாக இல்லாமல் முழுசா ஏதாவது கண்டால், மரத்துக்குள்ளயோ அதுக்குப் பக்கத்து மண்ணிலயோ, கையை எடுத்துப்போட்டு வந்த வழியாலயே திரும்பி வந்து பொலிசுக்குச் சொல்லுங்கோ. பாவிக்காத பத்தைக் காணிக்குள்ள மரம் தேடியே போகாதேங்கோ.

ஆணி கழட்டுறதில ஒரு சின்ன நுணுக்கம். துருப்பிடிச்ச ஆணியை உடன இழுத்தால் தலை கழண்டு வரும். முதல்ல சுத்தியலால ஒரு தட்டு உள்ளுக்குத் தட்டுங்கோ, பிடி விடும். பிறகு குறட்டுக்குக் கீழ ஒரு பலகைத் துண்டு வச்சு நெம்புங்கோ.

மரம் பழசெண்டாலும் மழையில நிண்டது எண்டால் காய வேணும். கல்லு அடுக்கி அதுக்கு மேல, நிழலில வையுங்கோ. தென்மேற்கால வாற கச்சான் காத்து ரெண்டு நாளில நுனியைப் பிளந்திடும், அதால வெட்டு முகத்தில மிஞ்சின பெயின்ற்றைப் பூசி விடுங்கோ. நான் தையில எடுத்து அடுக்கினது. ஒரு துண்டைக் கிழமைக்கு ஒருக்கா கடைத் தராசில நிறுத்தன். வைகாசியில நிறை குறையிறது நிண்டிட்டுது, அப்பத்தான் வாளை எடுத்தன்.

இனி வாங்கு. நிலையின்ர ரெண்டு காலும் ஏழடி, 5 அங்குலத்துக்கு 3 அங்குலம். ஒவ்வொண்டிலயும் 4 அடி இருக்கைக்கு, 16 அங்குலத்தில ரெண்டு துண்டு வாங்குக் காலுக்கு. மிச்சம் நாலு அங்குலம், அது மண்ணுக்குள்ள உக்கின நுனிக்குச் சரி. இருக்கைத் துண்டு ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில வையுங்கோ. கதவு பதியிறதுக்கு வெட்டின படி ரெண்டிலயும் இருக்கும். அதைக் கீழ்ப்பக்கமா, ஒண்டை ஒண்டு பாக்கத் திருப்பினால் மேல இருந்து தெரியாது.

காலின்ர தலையில 2 அங்குல நீளம், 1 அங்குலத் தடிப்பில கழுந்து (துளைக்குள்ள இறங்கிற நாக்கு) வெட்டி, இருக்கையின்ர அடியில அதே அளவுக்குத் துளை. காலை வெளி விளிம்புப் பக்கம் தள்ளி வையுங்கோ, உள்ளுக்க படி வெட்டின இடத்தில பிடி இருக்காது. பாலையில துளையை முழுக்க உளியால எடுக்க வெளிக்கிட்டால் கை விட்டுப்போகும். ட்றில்லால கன ஓட்டை போட்டு, உளியால சதுரமாக்குங்கோ. வெள்ளைக் கம் மட்டும் நம்பேல்லை நான். இருக்கையின்ர பக்கத்தால ஆப்புக்கு ஓட்டை போட்டு, கழுந்தில அதே ஓட்டையைத் தோளுக்கு, எண்டால் கழுந்து தொடங்கிற விளிம்புக்கு, அரை நூல் (அங்குலத்தில பதினாறில ஒரு பங்கு) கிட்ட போட்டன். முதிரை ஆப்பை அடிக்க அடிக்க அது காலை உள்ளுக்கு இழுத்து இறுக்கும். நாலாம் காலில ஒரு நூலுக்கு மேல தள்ளிப்போட்டன், ஆப்பு உள்ளுக்க முறிஞ்சுது. ட்றில் பண்ணி எடுத்துத் திரும்ப அடிச்சன்.

தலைநிலைக் கட்டையில 9 அங்குலத்தில ரெண்டு வெட்டி, கீழ குறுக்கா வச்சு ஸ்குரூ பூட்டுங்கோ. ஓட்டையைக் கொஞ்சம் நீட்டா எடுங்கோ, மாரிக்கு மரம் ஊதும், இடம் வேணும்.

கறுப்பு அடையாளத்தைத் தேசிக்காயால தேய்ச்சால் கொஞ்சம் மங்கும். நான் ரெண்டைத் தேய்ச்சன், மற்றதை விட்டிட்டன். பூச்சுக்கு லின்சீட் எண்ணெய், மெல்லிசா ரெண்டு தரம். தேங்காயெண்ணெய் பூசாதேங்கோ, காயாது, மணக்கும். எண்ணெய் துடைச்ச சீலைத் துண்டைச் சுருட்டித் தகரக் கொட்டிலுக்குள்ள போட்டால் தானே சூடாகி நெருப்புப் பிடிக்கும், விரிச்சு வெளிக்கொடியில காயப்போடுங்கோ. கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு கிழமை ஒருத்தரையும் இருக்க விடவும் வேண்டாம். எங்கட மாமி மூண்டாம் நாளே வெத்திலைத் தட்டோட வந்து குந்திட்டா. அவா உடுத்திருந்த சீலையில பட்ட கறை இன்னும் போகேல்லை, என்னட்டைச் சொல்லிக் காட்டுறதும் நிக்கேல்லை.