வண்டியை எண்ணி ஆளை விடாதீர்கள்

நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனதிலிருந்து, ஊருக்குப் போக்குவரத்துத் திட்டம் எழுதுகிறோம் என்று இளம் பொறியாளர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் காலத்தில் திட்டம் எழுதிய எங்கள் ஆட்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். நடைபாதை வேண்டும், மரம் வேண்டும் என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள், அதை விடுகிறேன்.

வண்டிக் கணக்கு

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். காலை எட்டரைக்கு ஊர் நடுவில் வேப்பமூடு ஜங்ஷனில் நின்று வண்டிகளை எண்ணுவார்கள். பிறகு எல்லாவற்றையும் கார் அளவுக்கு மாற்றுவார்கள். ஊர்ப்புறச் சாலைகளுக்கு, சாலை அளவுகோல்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸ் தரும் அளவில் கார் 1, ஸ்கூட்டர் 0.5, பஸ் 3. நகரச் சாலையில் எண் சற்று மாறும். இந்த அளவு, ஒரு வண்டி சாலையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்க்க வந்தது. உள்ளே எத்தனை பேர் என்று அது சொல்லாது. ஐம்பது பேர் ஏறிய டவுன் பஸ்ஸுக்கு 3. அதே ஐம்பது பேர் ஆளுக்கொரு ஸ்கூட்டரில் வந்தால் 25. ஆனால் அட்டவணையில் ஒற்றை வண்டியாகப் பார்த்தால் பஸ்தான் பெரிய தொல்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே ஒரு ஜங்ஷனில் இப்படித்தான் ஒரு அறிக்கை, நெரிசலுக்கு பஸ்தான் காரணம் என்று சொல்லி பஸ் நிறுத்தத்தை வேறு இடத்துக்கு மாற்ற வைத்தது. மீன் பாத்திரத்தோடு வந்த ஒரு அம்மா பழைய இடத்தில் நின்று, "மக்களே, பஸ் இங்க நிக்காதா?" என்று கேட்டார். பாத்திரத்தை மறுபடி தலையில் ஏற்றி நடந்தார். காலியான இடத்தில் ஆட்டோக்கள் வந்து நின்றன. நெரிசல் அப்படியே இருந்தது. வண்டியை அல்ல, ஆளை நகர்த்துங்கள் என்பதுதான் 2006-ன் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையே. அதை முதல் பக்கத்தில் மேற்கோள் காட்டிவிட்டு, உள்ளே வண்டிக் கணக்கு போடுகிறார்கள்!

அந்த அம்மா மாதிரி ஆட்கள் விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். எட்டரை மணி நோட்டில் அவர்கள் வரமாட்டார்கள். கலெக்ஷன் குறைந்த ரூட் என்று ஒரு பஸ்ஸை வெட்டுவதற்கு முன்னாலும் யோசியுங்கள். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கண்டக்டர் இலவச டிக்கெட் கொடுக்கிறார். அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். காசு வராத டிக்கெட்டும் ஒரு பயணிதான்.

மாநகராட்சி எல்லையோடு நிறுத்துவது

இங்கே ஊருக்கும் ஊருக்கும் நடுவில் இடைவெளி ஏது? பார்வதிபுரம் தாண்டி தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வரை சாலையோரம் வீடும் கடையுமாகவே போகும். நாகர்கோவில் நெரிசலில் பாதி திங்கள்சந்தையிலும் குளச்சலிலும் காலையில் கிளம்பி வருவது. வரைபடத்தில் மாவட்டத்தையே எடுங்கள்.

மேம்பாலம்தான் தீர்வு என்பது

மார்த்தாண்டத்தில் 2018-ல் திறந்தார்கள். ஊரைக் கடந்து போகிறவருக்கு நேரம் மிச்சம். சந்தைக்கு வருகிறவருக்குக் கீழ்ச்சாலைதான்.

மெட்ரோ

வேண்டாம்.

ரயிலை மறப்பது

நாகர்கோவில் ஜங்ஷன் ரயில் நிலையம் கோட்டாறு பக்கம், வெளியூர் பஸ் வடசேரியில், இரண்டும் வேறு வேறு இடம். ராத்திரி ரயிலில் இறங்குகிறவரை ஆட்டோவிடம் ஒப்படைத்துவிட்டு 'பொதுப் போக்குவரத்து' என்று தலைப்பு போடாதீர்கள்.

ஏப்ரலில் சர்வே

நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபர் நவம்பரிலும் மழை. கூரையில்லாத நிறுத்தத்தில் அப்போது ஆள் நிற்காது, பக்கத்துக் கடை வாசலில் ஒதுங்கி நிற்கும். டிரைவர் கண்ணில் படாமல் பஸ்ஸும் போய்விடும். ஏப்ரலில் எண்ணினால் இது தெரியாது. இரண்டு மழையிலும் போய் நின்று பார்த்துவிட்டு நிழற்குடைக்கு இடம் குறியுங்கள்.